பாட்டுக்கென்று தனிக் கருவி: எதை வாங்குவது, எப்படிக் காப்பது

2022 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை நிறுத்தியதும், பாட்டுக்கென்று தனியாக ஒரு கருவி வைத்துக்கொள்ளும் பழக்கம் அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. 1979இல் கேசட்டோடு பிறந்த வாக்மேன் என்ற பெயரிலேயே சோனி இன்றும் மியூசிக் பிளேயர் விற்கிறது. சீனாவின் ஃபியோ, ஹைபி, ஷான்லிங் போன்ற நிறுவனங்கள் புதுப்புது மாதிரிகளை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தப்பட்ட ஐபாடையே பிரித்து, உள்ளே புது உறுப்புகளைப் பொருத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுக்க விரும்பாத பெற்றோர், காலை நடையின் நடுவே அலுவலக அழைப்பு வந்து பாட்டை வெட்டக்கூடாது என்று நினைப்பவர், சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர், பல வருடமாகச் சேர்த்த கச்சேரிப் பதிவுகளை ஹார்டு டிஸ்கில் பூட்டி வைத்திருக்கும் ரசிகர் என்று இவற்றை வாங்க ஆள் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், இரட்டைச் சில்லு என்று பெட்டி முழுக்க அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. உங்கள் பாடல்கள் இப்போது எங்கே இருக்கின்றன? ஒயர் ஹெட்போனில் கேட்பீர்களா, புளூடூத்திலா? கேட்கும் நேரத்தில் உங்கள் கையும் கண்ணும் எதில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால், கடையில் இருக்கும் கருவிகளில் பாதி உங்களுக்கு இல்லை என்று தெரிந்துவிடும்.

முதல் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் பாடல்கள் எல்லாம் ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்குள்தான் இருக்கின்றன என்றால், தனிக் கருவி வாங்க வேண்டாம். அங்கே ‘டவுன்லோடு’ செய்து வைத்திருப்பது உங்கள் கோப்பு அல்ல. அந்தச் செயலிக்கு மட்டும் திறக்கும் பூட்டிய பெட்டி. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாடல்கூட, 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஓடாது. அதை ஓட்ட வேண்டுமானால் ஆண்ட்ராய்டு வைத்த விலை உயர்ந்த கருவிதான் வாங்க வேண்டியிருக்கும். அந்த வேலையை உங்கள் கைப்பேசி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையின் மிச்சம், சொந்தமாகக் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு.

புளூடூத் விஷயத்தைப் பல கடைக்காரர்கள் சொல்வதில்லை. எண்களாகச் சேமித்த பாட்டை ஒலி அலையாக மாற்றும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். விலை உயர்ந்த பிளேயரில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் இதற்கும், இதன் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்தான். ஆனால் புளூடூத் ஹெட்போனில் கேட்கும்போது பாட்டு எண்களாகவே காற்றில் போய், ஹெட்போனுக்குள் இருக்கும் சில்லில்தான் ஒலியாக மாறுகிறது. பிளேயரின் டிஏசி அந்த நேரத்தில் சும்மா இருக்கிறது. ஆகவே புளூடூத்தில் மட்டும் கேட்பவர் டிஏசி பெருமை பேசும் கருவிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை ஹெட்போனில் போடலாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பது எளிய கணக்கு. 320 கேபிபிஎஸ் எம்பி3ஆக இருக்கும் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி. 128 ஜிபி கார்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பாடல்கள் அடங்கும். சிடி தரத்தில், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்தால் அதே பாட்டு 30 எம்பி வரை வரும். நாலாயிரம் பாடல்கள் வைக்கலாம். அதற்கும் மேலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போவது உங்கள் இசையைப் பொறுத்தது. 1950களின், 60களின் தமிழ்த் திரைப்பாடல்களை அந்த அளவில் வைப்பதில் பயன் இல்லை. அன்றைய மோனோ பதிவில் இல்லாத ஒலியை எந்தக் கோப்பும் புதிதாகக் கொண்டுவராது. இசைத்தட்டின் கீறல் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்கும்.

கர்நாடக இசை கேட்பவர்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று: பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கருவி இடைவெளி விடுகிறதா? சிடியில் வந்த கச்சேரிகளில் ராகம், தானம், பல்லவி மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வெட்டியிருப்பார்கள். பல்லவியின் நடுவில் தனி ஆவர்த்தனம் இன்னொரு கோப்பாகத் தொடங்கும். மலிவான கருவிகளில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அரை விநாடி மௌனம் விழும். தொடையில் தாளம் போட்டபடி கேட்பவரின் கை அந்த இடத்தில் அந்தரத்தில் நிற்கும்; மிருதங்கம் ஒரு அட்சரம் தள்ளி வந்து சேரும். ‘கேப்லெஸ்’ வசதி உண்டா என்று கடையிலேயே கேட்டு, முடிந்தால் ஒரு கச்சேரியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேர உபன்யாசம் கேட்பவர்கள், அணைத்து எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேசை இழுப்பறையில் இருக்கும் பழைய போன்

செலவே இல்லாத வழி இது. சிம்மை எடுத்துவிட்டு, எல்லாச் செயலிகளையும் நீக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் பழைய ஆண்ட்ராய்டு போன் நல்ல பிளேயர்தான். விஎல்சி போன்ற இலவசச் செயலி எந்தக் கோப்பையும் ஓட்டும். தமிழில் எழுதிய பாட்டுப் பெயர் ஒழுங்காகத் தெரியும் என்பது சிறிய விஷயம் அல்ல. மலிவான பல பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து நிற்கும்.

இழுப்பறையில் இருப்பது எந்தப் போன் என்பதைப் பொறுத்துத்தான் இந்த யோசனை செல்லும். ஹெட்போன் ஜாக்கும் மெமரி கார்டு இடமும் இருக்க வேண்டும். 2016இல் ஐபோன் 7 ஜாக்கைக் கைவிட்ட பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள். ஆக, கொஞ்சம் பழைய போனாக இருப்பது இங்கே நல்லது. இந்த வகையில் ரசிகர்கள் இன்னும் தேடிப் பிடிப்பது எல்ஜி நிறுவனத்தின் வி20. 2016இல் வந்தது. நான்கு மாற்றிகள் கொண்ட டிஏசி, ஜாக், கார்டு இடம், எல்லாவற்றுக்கும் மேலாக, பின்மூடியைத் திறந்து கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. 2021இல் எல்ஜி கைப்பேசித் தொழிலையே விட்டுவிட்டது. அதனால் இன்று கிடைப்பது பழையதுதான், பேட்டரியும் வேறு யாரோ செய்ததுதான். ஆனாலும் கிடைத்தால் விடாதீர்கள்.

குறை என்னவென்றால், பேட்டரிக்கு வயதாகியிருக்கும். பொத்தானைத் தடவிப் பாட்டு மாற்ற முடியாது. திரையை எழுப்பிப் பார்க்க வேண்டும். ஒயர் ஹெட்போனில் இருக்கும் பொத்தான் இதைக் கொஞ்சம் ஈடுகட்டும்: ஒரு முறை அழுத்தினால் நிற்கும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு.

ஜாக் இல்லாத இன்றைய போனையே வைத்துக்கொண்டு, சார்ஜ் துளையில் மாட்டும் சின்ன டிஏசி (டாங்கிள்) ஒன்றை வாங்குவதும் ஒரு வழி. ஒலித் தரத்துக்கு மட்டும் என்றால், கொடுக்கும் காசுக்கு இதைவிட லாபமான வழி இல்லை என்பது என் கருத்து. ஆப்பிள் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் யுஎஸ்பி-சி மாற்றியே அளவீடுகளில் அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றோடு நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் அதன் சத்தம் குறைவாக வரும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அங்கே வேறு நிறுவனத்தின் டாங்கிள் நல்லது. பாட்டின் நடுவே அழைப்பு வருவது மட்டும் இதில் தீராது.

பழைய ஐபாட்

2001 அக்டோபர் 23இல் முதல் ஐபாட் வந்தபோது அதற்குள் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். 5 ஜிபி, விலை 399 டாலர். அந்த வரிசை கிளாசிக் என்ற பெயரில் 160 ஜிபி வரை வளர்ந்து 2014இல் நின்றது. இன்று ‘புதுப்பித்தது’ என்று விற்கப்படும் ஐபாடில் அந்தச் சுழலும் தட்டு இருக்காது. அதை எடுத்துவிட்டு, மெமரி கார்டு செருகும் ஒரு பலகையைப் பொருத்தி, காலியான இடத்தில் பெரிய பேட்டரியை வைத்திருப்பார்கள். எடை குறையும். அசையும் பாகம் இல்லாததால் கீழே விழுந்தாலும் பிழைக்கும். தட்டைச் சுழற்றும் மின்சாரம் மிச்சமாவதால் ஒரு சார்ஜ் நெடுநாள் வரும்.

அதன் சக்கரத்துக்கு இணை இன்றுவரை இல்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டு, பார்க்காமலேயே, ஆயிரம் பெயர்களை ஒரு விரல் சுற்றில் கடக்கலாம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தொடுதிரையோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியும்.

ஆனால் எந்த ஐபாட் என்பதில் கவனம் வேண்டும். 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் முன்பக்கம் பிளாஸ்டிக். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பக்கவாட்டில் நுழைத்து நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுக்கும். திறந்ததும் இரண்டு பாதியையும் சட்டென்று விரித்துவிடக் கூடாது. பேட்டரியின் நாடா ஒரு ஓரத்திலும், ஹெட்போன் ஜாக்கின் நாடா இன்னொரு ஓரத்திலும் இரு பாதிகளையும் இணைத்துக்கொண்டிருக்கும். பேட்டரி நாடாவைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் மெல்ல மேலே தூக்கிய பிறகுதான் நாடாவை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாழ்ப்பாள் உடையும். தாய்ப்பலகை போனது போனதுதான். 2007இலிருந்து வந்த கிளாசிக்கின் முன்பக்கமும் உலோகம். திறக்கும்போது ஓரம் வளையாமல் வருவது அரிது. 2007, 2008 மாதிரிகளுக்கு 128 ஜிபிக்கு மேல் கார்டு போட்டாலும் புரியாது. 2009இல் வந்த 160 ஜிபி கிளாசிக்குக்கு அந்தத் தடை இல்லை.

மற்ற தொல்லைகள்: 30 முனை கேபிள் தனியாக வேண்டும், புளூடூத் இல்லை, கணினியில் ஆப்பிளின் மென்பொருள் வழியாகத்தான் பாட்டு ஏற்ற முடியும், ஃபிளாக் ஓடாது. கடைசி இரண்டுக்கும் மருந்து உண்டு. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால் பென் டிரைவில் இழுத்துப் போடுவதுபோல் பாட்டு ஏற்றலாம். ஃபிளாக்கும் ஓடும், கோப்புகளுக்கு இடையே இடைவெளியும் விழாது. திருப்புளி எடுத்து நோண்டுவதில் ஆசை உள்ளவருக்கு ஐபாட் நல்ல துணை. வாங்கிய மறுநிமிடம் ஓட வேண்டும் என்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சென்னையில் ரிச்சி தெருவிலோ வேறு ஊரிலோ பழைய ஐபாடை நேரில் பார்த்து வாங்குபவர்கள் இரண்டு மூன்று சோதனை செய்யலாம். ஹெட்போனை மாட்டி, பாட்டு ஓடும்போதே பிளக்கை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு காதில் சத்தம் போய் வந்தால் ஜாக் தேய்ந்துவிட்டது. மேல் ஓரத்தில் இருக்கும் பூட்டு ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள். கருவியைச் சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே கோடு அகன்று தெரிந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது.

பட்டன் வைத்த சிறு கருவிகள், ஆண்ட்ராய்டு வைத்த பெரிய கருவிகள்

பெயர் தெரியாத நிறுவனங்களின் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் பிளேயர்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைக்கு, நடைப்பயிற்சிக்கு, தொலைந்தாலும் மனம் வலிக்கக் கூடாது என்பவர்களுக்கு இவை போதும். ஆனால் ஒரு எரிச்சல் உண்டு. இவற்றில் பல, பாடல்களைப் பெயர் வரிசையில் போடாது. கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் போடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் மங்களம் முதலில் வந்து வர்ணம் கடைசியில் வரும். கார்டைக் காலி செய்து, ஒவ்வொரு கோப்புறையாக, வேண்டிய வரிசையில் ஏற்றுவதுதான் வழி. இணையத்திலிருந்து வந்த எம்பி3களில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தளத்தின் முகவரி உட்கார்ந்திருக்கும். ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகச் சிதறும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சீராக்கிவிடலாம்.

இதற்கு ஒரு படி மேலே ஹைபியின் ஆர்1, ஷான்லிங்கின் எம்0 ப்ரோ, ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி போன்றவை வருகின்றன. ஆண்ட்ராய்டு கிடையாது, பாட்டு போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. உள்ளங்கையில் அடங்கும், கார்டு ஏற்கும், நல்ல டிஏசி உண்டு. சொந்தமாகக் கோப்பு வைத்துக்கொண்டு ஒயர் இயர்போனில் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். ஆண்ட்ராய்டு இல்லாதது குறை அல்ல, ஆயுள் என்றே சொல்வேன். செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டுவிடும் என்ற கவலை இவற்றுக்கு இல்லை. கோப்பை எடுத்து ஓட்டும் வேலை பத்து வருடம் கழித்தும் அதே வேலைதான்.

ஆண்ட்ராய்டு கருவிகளில் எடுத்துக்காட்டு சோனியின் என்டபிள்யூ-ஏ306. 2023இல் வந்தது, 3.6 அங்குலத் திரை, 113 கிராம் எடை, சிடி தர ஃபிளாக் கோப்புகளை 36 மணி நேரம் வரை ஓட்டும் என்று சோனி சொல்கிறது. 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் அதில் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்வதால் கார்டு போட்டே ஆக வேண்டும். பக்கவாட்டில் தனிப் பொத்தான்கள் இருப்பது பெரிய நிம்மதி. அதே ஆண்டு வந்த இதன் அண்ணன் இசட்எக்ஸ்707 இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு அறிமுகமானது. அந்த விலையில் நல்ல ஹெட்போனும் டாங்கிளும் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் டிசம்பர் சீசன் முழுக்கக் கச்சேரிக்குப் போய்வரலாம். கோப்பும் வேண்டும், ஸ்ட்ரீமிங்கும் வேண்டும், கைப்பேசி மட்டும் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர் ஏ306 வகையை வாங்கலாம். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்களில் அங்குள்ள விதிப்படி சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு; பெரிய ஹெட்போனை மாட்டினால் ஒலி போதாமல் தோன்றும். இயர்போனில் கேட்பவருக்கு அது குறையே அல்ல. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டால் சராசரி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்கச் சத்தத்தைக் கூட்டும்போது இந்த அளவு எளிதில் கடந்துவிடுகிறது. காதுத் துளையை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனை இயர்போன் வெளிச் சத்தத்தைத் தடுப்பதால் குறைந்த ஒலியே போதும். சாலையில் நடக்கும்போது ஹாரன் சத்தமும் கேட்காது என்பதால், அந்த நேரத்துக்கு இது வேண்டாம்.

நீச்சல் அடிப்பவர்களுக்குத் தேர்வு மிகக் குறைவு. தண்ணீருக்குள் புளூடூத் அலை சில அங்குலத்துக்கு மேல் போகாது. ஆகவே பாட்டு காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 அப்படிப்பட்டது. 4 ஜிபி, இரண்டு மீட்டர் ஆழம் வரை உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் தமிழ்ப் பதிப்பிலும் கிடைக்கிறது. பழைய ரேடியோ போலக் குமிழைத் திருப்பினால் பாடகர், இசையமைப்பாளர் என்று நிலையம் மாறும். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். உள்ளே இருப்பது சரிகமவிடம் உரிமை உள்ள பாடல்கள் மட்டுமே. அவற்றை நீக்கவோ மாற்றவோ முடியாது. அம்மா தேடும் பாட்டு வேறு நிறுவனத்துடையது என்றால் அதில் இருக்காது. ஒரு பென் டிரைவில் அந்தப் பாடல்களை ஏற்றி, அதில் செருகிக் கொடுத்துவிடுங்கள், குறை சொல்ல மாட்டார்கள்.

வாங்கியதைக் காப்பது

உறை, திரைக்கண்ணாடி என்று எல்லோரும் கீறலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கருவியைக் கொல்வது கீறல் அல்ல, வெயில். லித்தியம் பேட்டரி வைத்த கருவிகளை 35 டிகிரிக்குள் பயன்படுத்தவும், 45 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் வைக்காதிருக்கவும் ஆப்பிள் சொல்கிறது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 60ஐத் தாண்டும். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் மேலிருந்து வெயிலும் கீழிருந்து எஞ்சின் சூடும் சேரும். இப்படி ஒரு கோடையைக் கழித்த பேட்டரி மறு வருடம் பாதி நேரம்தான் தாங்கும். தோலுறைக்குள் வைத்தபடியே சார்ஜ் போடுவதும் கெடுதல். சார்ஜ் ஏறும்போது வரும் சூடு வெளியேற வழி இல்லை. உறையைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். இரவெல்லாம் மாட்டி வைக்காதீர்கள்.

சில மாதங்களுக்குத் தொடப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாக நிரப்பி வைத்தால் வேகமாக மூப்படையும். முழுதாகக் காலி செய்து வைத்தால் பிறகு சார்ஜே ஏற்காமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மீண்டும் பாதிக்குக் கொண்டுவந்தால் போதும். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2005, 2006இல் விற்ற முதல் ஐபாட் நானோவின் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்து இருந்ததால், 2011இல் ஆப்பிள் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தது.

அடுத்தது ஜாக். நேரான பிளக் வைத்த ஹெட்போனைப் பேன்ட் பையில் வைத்து உட்கார்ந்தால், தொடை மடியும் இடத்தில் அந்தப் பிளக் நெம்புகோலாகி உள்ளே இருக்கும் ஈயப் பற்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கும். சில மாதத்தில் ஒரு காது போகும். எல் வடிவப் பிளக் வைத்த ஹெட்போன் வாங்குவது, கருவியை ஜாக் மேல்நோக்கி இருக்கும்படி வைப்பது, இரண்டும் அதிகச் செலவில்லாத காப்பு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து ஜாக்குக்குள் களிம்பு பிடிக்கும்; சத்தம் கரகரக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சியால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மெமரி கார்டு வாங்கும்போது விலை ஆச்சரியப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். 512 ஜிபி என்று எழுதிய போலிக் கார்டுக்குள் 32 ஜிபிதான் இருக்கும். கணினியை ஏமாற்றி 512 என்று காட்டும். 32ஐத் தாண்டியதும் போட்ட பாட்டெல்லாம் காணாமல் போகும், அல்லது பெயர் இருக்கும், ஓடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். சில மணி நேரம் ஆகும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன் அதைச் செய்துவிடுங்கள். சோதித்த கார்டாக இருந்தாலும் ஒரு பிரதி வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். கேசட்டிலிருந்து மாற்றிய, வேறு எங்கும் கிடைக்காத பதிவுகளை இரண்டு இடத்தில் வையுங்கள்.

கீறலுக்கு வருவோம். முதல் நானோ வந்த சில வாரங்களிலேயே அதன் திரையில் எளிதாகக் கீறல் விழுகிறது என்று அமெரிக்காவில் வழக்கே தொடர்ந்தார்கள். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குக்கு உறை தேவைப்பட்டது. இன்றைய கண்ணாடித் திரைக்கு ஒரு மெல்லிய படலம் போதும். சிலிகான் உறை போடுபவர்கள் மாதம் ஒரு முறை கழற்றித் துடைக்க வேண்டும். உள்ளே புகுந்த மணல் துகள் வெளியேற முடியாமல் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உறையைக் கழற்றிப் பார்த்தால் வெளியே விழுந்திருக்கக்கூடியதைவிட அதிகக் கீறல் உள்ளே இருக்கும்.

நனைந்துவிட்டால் அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கத்தை விடுங்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே 2024இல் எச்சரித்தது. உடனே அணையுங்கள், கார்டை எடுங்கள், துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டுங்கள், காற்றோட்டமான இடத்தில் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு மணிக்கும் பொத்தானை அழுத்தும் ஆசைதான் பெரும்பாலான கருவிகளை முடித்துவிடுகிறது. முழுதாக இரண்டு நாள் காய்ந்த பிறகே சார்ஜரை மாட்டுங்கள். கடல் தண்ணீரில் விழுந்தது என்றால் காத்திருக்காமல் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பு உள்ளே காய்ந்தால் பலகையை அரித்துவிடும். திறந்து கழுவினால்தான் பிழைக்கும்.